டி செல்லில் இருக்கும் 'டி' யாருடையது?

கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் மருத்துவர்கள் 'ஆன்டிபாடி குறைந்தாலும் டி செல் இருக்கிறது, பயப்பட வேண்டாம்' என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். எச்ஐவி சிகிச்சை எடுப்பவர்கள் மாத்திரை வாங்கப் போகும்போது காதில் விழும் 'சிடி4 எவ்வளவு வந்தது?' என்ற கேள்வியும் ஒரு வகை டி செல்லைப் பற்றியதுதான். ரத்தப் புற்றுநோய்க்கு வந்திருக்கும் கார்-டி சிகிச்சையிலும் அதே 'டி' இருக்கிறது.

டி செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம். சரி, அந்த எழுத்து எதைக் குறிக்கிறது? தைமஸ் என்ற உறுப்பின் ஆங்கில முதலெழுத்து அது. தைமஸ் உடலில் என்ன வேலை செய்கிறது என்று 1961 வரை யாருக்கும் தெரியாது. மனித உடலின் பெரிய உறுப்புகளில் கடைசியாகப் பயன் தெரியவந்தது இதற்குத்தான் என்று சொல்வார்கள். அதைக் கண்டவர் ஜாக் மில்லர். நோய் எதிர்ப்பியலில் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வகுப்பை நடத்தி முடித்துவிடலாம். அவர் கண்டதைச் சொல்லாமல் பத்து நிமிடம்கூட ஓட்ட முடியாது.

முதலில் அந்த உறுப்பைப் பற்றி. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடல்களாகப் படிந்திருக்கும் மென்மையான சதை. குழந்தையில் பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கி, கடைசியில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். ஆட்டின் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று நம் கறிக்கடையில் பெயர் உண்டு, தைமஸுக்கு அப்படி ஒரு வீட்டுப் பெயரை நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கன்றுக்குட்டியின் தைமஸைப் பெரிய விருந்துகளில் பரிமாறுவார்கள். ஆக, அது என்ன உறுப்பு என்று மருத்துவர்களைவிடச் சமையற்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மருத்துவர்கள் தெரியாமல் இருந்ததோடு நிற்கவில்லை, விபரீதமும் செய்தார்கள். காரணமே இல்லாமல் தூக்கத்தில் இறந்துபோன குழந்தைகளை அறுத்துப் பார்த்தால் தைமஸ் பெரிதாக இருக்கும். அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றுவிட்டது என்று ஒரு நோயையே கற்பித்தார்கள். உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ்தான் சரியான அளவில் இருந்தது. அதுவரை உடற்கூறு படிக்கக் கிடைத்த சடலங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நாள்பட்ட நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். சுருங்கியதையே இயல்பான அளவு என்று பாடம் எழுதிவிட்டதால், ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் வீக்கமாகத் தெரிந்தது. 1920களிலிருந்து அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் தைமஸைச் சுருக்குவதற்கென்றே எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது தெரிய 1950 ஆகிவிட்டது.

1950களில் ஆய்வாளர்களின் நிலைப்பாடு வேறு: தைமஸ் ஒரு சுடுகாடு. உள்ளே லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் நிரம்பிக் கிடக்கும், அதில் பெரும்பகுதி அங்கேயே செத்துப்போகும். இந்த முடிவுக்கு வர அவர்களிடம் வலுவான காரணங்கள் இருந்தன. கிருமித் தொற்று வந்தால் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வேலை செய்வது நுண்ணோக்கியில் தெரியும், தைமஸில் அப்படி எந்தப் பரபரப்பும் தெரியாது. அதன் செல்களை எடுத்து வேறு விலங்குக்குச் செலுத்தினால் எதிர்ப்புச் சக்தி உருப்படியாக வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்த எலியின் தைமஸை வெட்டி எடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடியாடிக்கொண்டிருக்கும். எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை என்றால் இருந்து என்ன பயன்? சோதனை சரியாகத்தான் செய்யப்பட்டிருந்தது. எந்த வயதில் எடுப்பது என்பதில்தான் எல்லோரும் தவறியிருந்தார்கள்.

மில்லர் 1931 ஏப்ரல் 2ஆம் தேதி பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் மூனியே. பிரெஞ்சில் அதற்கு மாவரைக்கும் ஆலைக்காரர் என்று பொருள், ஆங்கிலத்தில் அதுவே மில்லர் ஆனது. சிறுவயதில் ஒரு பகுதி ஷாங்காயில் கழிந்தது. மூத்த சகோதரி காசநோயில் இறந்துபோனார். ஒரே வீட்டில் வாழ்ந்த தனக்கு அந்த நோய் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்வி சிறுவயதிலேயே மனத்தில் விழுந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜப்பானோடு போர் மூளும் தறுவாயில், 1941இல், குடும்பம் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் கூடப் படித்தவர் குஸ்தாவ் நோசல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சிட்னியில் மருத்துவம் படித்து முடித்த மில்லர் 1958இல் ஆய்வு உதவித்தொகை பெற்று லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். அவருக்குக் கிடைத்த இடம் நகரத்துக்கு வெளியே, பக்கிங்ஹாம்ஷையரில் உள்ள கிளை. எலிகள் இருந்தது முன்பு குதிரை லாயமாக இருந்த கொட்டகையில். அவர் போனது எதிர்ப்புச் சக்தியை ஆராய அல்ல. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸ் அவருடைய பாடம்.

அந்த வைரஸை 1951இல் நியூயார்க்கில் லுட்விக் கிராஸ் கண்டிருந்தார். பிறந்த உடனே எலிக்குட்டிக்குச் செலுத்தினால்தான் நோய் வரும். நோய் தொடங்கும் இடம் தைமஸ். தைமஸை எடுத்துவிட்டால் நோய் வருவதில்லை. மில்லர் இதிலிருந்து ஒவ்வொரு படியாக நகர்ந்தார். வைரஸ் செலுத்தி, தைமஸை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து வேறொரு தைமஸைப் பதியம் போட்டார். நோய் வந்தது. ஆக, வைரஸ் இவ்வளவு நாளும் உடலில் வேறெங்கோ பதுங்கியிருந்திருக்கிறது. அடுத்த கேள்வி இயல்பாக வரும்: வைரஸ் முதலில் பெருக ஆரம்பிக்கவே தைமஸ் வேண்டுமா? அதைப் பார்க்க வேண்டுமானால் வைரஸுக்கு முன்பே தைமஸ் போயாக வேண்டும். வைரஸைப் பிறந்தவுடன் செலுத்துகிறோம் என்றால், தைமஸையும் பிறந்தவுடனே எடுக்க வேண்டும்.

பிறந்த எலிக்குட்டி நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதன் நெஞ்சைத் திறந்து, இதயத்தை ஒட்டியிருக்கும் பொடிச் சதையை உறிஞ்சி எடுத்து, தையல் போட்டு, தாய் அதைத் தின்றுவிடாமல் காப்பாற்ற வேண்டும். மில்லருக்குக் கை படிந்தது. குட்டிகள் பால் குடிக்கும் வரை நன்றாக இருந்தன. பால் மறந்த பிறகு ஒவ்வொன்றாக இளைத்து, வயிறு கெட்டு, சாக ஆரம்பித்தன. வைரஸ் செலுத்தியவை செத்தால் சரி என்று விட்டிருக்கலாம். வைரஸே படாதவையும் செத்தன.

இந்த இடத்தில்தான் மில்லரின் தரம் தெரிகிறது என்பது என் கருத்து. அறுவைச் சிகிச்சையில் எலி சாவது எந்த ஆய்வகத்திலும் நடப்பதுதான். 'கை சரியில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த குட்டிக்குப் போயிருக்கலாம். அவர் செத்த எலிகளைத் திறந்து பார்த்தார். கல்லீரலில் தொற்றின் தடயம். ரத்தத்திலும் நிணநீர்க் கணுவிலும் லிம்போசைட் மிகக் குறைவு. லிம்போசைட்தான் எதிர்ப்புச் சக்தியைச் சுமக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. மில்லர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். தைமஸ் இழந்த எலிகளின் மேல் வேறு இன எலியின் தோலை ஒட்டிப் பார்த்தார். சாதாரண எலி அதைச் சில நாட்களில் உதிர்த்துவிடும். இவை உதிர்க்கவில்லை. இவை சுண்டெலிகள். வேறு விலங்கான பெரிய எலியின் தோலையும் ஒட்டினார், அதுவும் நிலைத்தது. ஒரு வெள்ளை எலியின் முதுகில் இன்னொரு விலங்கின் ரோமம் செழித்து வளர்ந்தால், அந்த உடலுக்கு 'நான் யார், அந்நியன் யார்' என்ற கணக்கே இல்லை என்று அர்த்தம்.

1961 செப்டம்பர் இறுதியில் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. இரண்டு பக்கம் இருந்தால் அதிகம். எதிர்ப்புச் சக்தி கொண்ட செல்களின் மூதாதைகள் தைமஸில் உருவாகி, பிறப்பை ஒட்டிய நாட்களில் மற்ற உறுப்புகளுக்குக் குடிபோய்விடுகின்றன என்று மில்லர் அதில் ஊகித்தார். வளர்ந்த எலியில் ஏன் பாதிப்பில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. குடியேற்றம் முடிந்த பின் ஊரை இடித்தால் போனவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏறக்குறைய இதே காலத்தில் மினியாபொலிஸில் ராபர்ட் குட் குழுவினரும் ஹார்வர்டில் பைரன் வாக்ஸ்மன் குழுவினரும் தைமஸை இளம் வயதில் எடுத்து இதே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. குதிரை லாயத்தில் வளர்த்த எலிகள் அழுக்கில் நோய்வாய்ப்பட்டிருக்கும், வலுவில்லாத உடல் தோலை எப்படி உதறும் என்று கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 1963இல் பீட்டர் மெடாவர் சொன்னது வேறு ரகம். தோல் ஒட்டு ஆய்வுக்காகவே 1960இல் நோபல் வாங்கியவர் அவர். தைமஸில் லிம்போசைட் இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல், அதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்று பிற்காலத்தில் நாம் எல்லோரும் நினைக்கப்போகிறோம் என்றார். மெடாவர் சாதாரண ஆள் இல்லை, அந்தத் துறையின் பிதாமகர்களில் ஒருவர். அவருடைய ஆகத் தவறான ஜோசியம் இதுதான்.

மில்லர் வாதத்தில் இறங்காமல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் கிருமியே இல்லாத கூண்டில் வளர்க்கும் எலிகள் இருந்தன. அவற்றின் தைமஸைப் பிறந்தவுடன் எடுத்தார். கிருமி இல்லாததால் அவை இளைக்கவில்லை, சாகவில்லை, நன்றாகவே இருந்தன. அந்நியத் தோலை மட்டும் அப்போதும் உதறவில்லை. லாயத்தின் மேல் போட்ட பழி அத்தோடு தீர்ந்தது.

இதற்கிடையில் கோழியிலிருந்து ஒரு கதை வந்து சேர்கிறது. கோழியின் எச்சத் துவாரத்துக்கு அருகில் பர்சா என்றொரு சிறு பை உண்டு. ஓஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அது எதற்கென்று தெரிந்துகொள்ளக் குஞ்சுப் பருவத்திலேயே அதை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவர் நண்பர் டிமோதி சாங் ஒரு வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதை மாணவர்களுக்குக் காட்டக் கோழிகள் போதாமல் கிளிக்கின் கோழிகளைக் கடன் வாங்கினார். வகுப்பு சொதப்பியது. பர்சா இல்லாத கோழிகள் ஆன்டிபாடி செய்யவே இல்லை. 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, அது 1956இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வந்து, மருத்துவர்கள் கண்ணில் படாமல் கிடந்தது. 1965இல் மாக்ஸ் கூப்பர், மினியாபொலிஸில் ராபர்ட் குட்டின் ஆய்வகத்தில் இருந்தபடி, கோழியில் பர்சா ஒரு வேலைக்கும் தைமஸ் வேறொரு வேலைக்கும் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் பர்சா கிடையாதே?

1966இல் மில்லர் மெல்பர்னுக்குப் போனார். வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வகத்தில் அப்போது இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் பள்ளித் தோழர் நோசல். அழைத்ததும் அவரே. அங்கே கிரஹாம் மிட்செல் என்ற மாணவரோடு சேர்ந்து மில்லர் செய்தது, என் பார்வையில், 1961இன் கண்டுபிடிப்பைவிடப் பெரியது. முதலாவது கண்ணில் பட்டதை விடாமல் பிடித்தது. இது திட்டமிட்டுக் கட்டியது.

தைமஸை எடுத்து, கதிர்வீச்சால் செல்களை அழித்து, எலும்பு மஜ்ஜை மட்டும் கொடுத்து உயிரோடு வைத்த எலி. இதற்குச் செம்மறி ஆட்டின் சிவப்பணுவைச் செலுத்தினால் ஆன்டிபாடி வராது. கூடவே தைமஸ் செல்களைக் கொடுத்தால் வரும். அப்படியானால் ஆன்டிபாடியைச் செய்வது தைமஸ் செல்தான் என்று எவரும் சொல்லியிருப்பார்கள். மில்லரும் மிட்செலும் இரண்டு வகைச் செல்களுக்கும் வெவ்வேறு மரபணு அடையாளம் இருக்கும்படி எலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் ஆன்டிபாடி செய்துகொண்டிருந்த செல்லின் அடையாளத்தைப் பார்த்தார்கள். அது மஜ்ஜையிலிருந்து வந்தது! தைமஸ் செல் தானாக ஒரு ஆன்டிபாடியும் செய்யவில்லை, ஆனால் அது பக்கத்தில் இல்லாமல் மஜ்ஜைச் செல்லுக்கு வேலை ஓடவில்லை. 1967, 68இல் வெளியான இந்த முடிவுகளோடு ஒரே மாதிரி இருந்த லிம்போசைட் இரண்டாகப் பிரிந்தது. நுண்ணோக்கியில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான்.

1969இல் ஐவன் ராய்ட்டும் சகாக்களும் இவற்றுக்கு டி, பி என்று பெயர் வைக்கலாம் என்றார்கள். பி என்பது கோழியின் பர்சாவுக்கு, நல்லவேளையாக எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயருக்கும் அதே முதலெழுத்து. எதற்கு இரண்டு வகை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். 'சுத்தப் புளுகு' என்று பொருள்படும் ஆங்கில வசைச்சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் பி, டி தானே என்று ஆஸ்திரேலியாவில் ஒருவர் கிண்டலடித்ததை மில்லரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

அதற்குப் பின் நடந்ததைப் பட்டியல் போட ஆரம்பித்தால் நவீன நோய் எதிர்ப்பியல் முழுவதையும் எழுத வேண்டியிருக்கும். நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் போதும். ஹிப் என்ற பாக்டீரியா குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும். அதன் மேலுறை வெறும் சர்க்கரைச் சங்கிலி. டி செல் சர்க்கரையைக் கண்டுகொள்ளாது. கைக்குழந்தையின் பி செல்லோ டி செல்லின் துணை இல்லாமல் சரியாக எழும்பாது. அதனால் அந்தச் சர்க்கரையை டெட்டனஸ் புரதம் போன்ற ஒன்றோடு இணைத்துத் தடுப்பூசி செய்கிறார்கள். புரதத்தைப் பார்த்து டி செல் வரும், வந்து பி செல்லைத் தட்டிவிடும். மெல்பர்னில் எலியில் பார்த்த அதே கூட்டு வேலை. இந்த ஹிப் மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

அப்புறம் அந்த நாள் கணக்கு. 1969இல் ஜப்பானின் நகோயாவில் யசுவாகி நிஷிசுகாவும் தெருயோ சகாகுராவும் எலிக்குட்டியின் தைமஸைப் பிறந்த அன்று எடுக்காமல் மூன்றாம் நாள் எடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைவதற்குப் பதிலாக அது தறிகெட்டுப்போய் எலியின் சொந்தச் சினைப்பையையே அழித்தது. முதல் நாள் எடுத்தால் படையே இல்லை, மூன்றாம் நாள் எடுத்தால் படை வீட்டையே தாக்குகிறது, வளர்ந்த பின் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. நிஷிசுகாவின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த இளைஞர் ஷிமோன் சகாகுச்சி இந்த மூன்று நாள் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார். டி செல்களை அடக்கிவைக்கும் டி செல்கள் சற்றுத் தாமதமாகத் தைமஸை விட்டுக் கிளம்புகின்றன, மூன்றாம் நாள் கத்தி வைத்தால் அவை மட்டும் மாட்டிக்கொள்கின்றன என்பது அவர் கடைசியில் தேடி அடைந்த விளக்கம். 2025இல் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு அவருக்கு நோபல் கிடைத்தது.

தைமஸைச் சுடுகாடு என்றவர்கள் ஒரு விஷயத்தில் தப்பாகச் சொல்லவில்லை. அங்கே உருவாகும் செல்களில் நூற்றுக்கு 95க்கு மேல் உண்மையாகவே அங்கேயே சாகின்றன. சொந்த உடலைத் தாக்கக்கூடியவை, எதற்கும் உதவாதவை என்று கழிக்கப்படுகின்றன. தன் கடைசி ஆய்வுக் காலத்தில் மில்லர் ஆராய்ந்ததும் இந்தக் கழித்தலையும், அதில் தப்பிப் போன செல்கள் வெளியே எப்படி அடக்கப்படுகின்றன என்பதையும்தான். 1996இல் ஓய்வு பெற்றார்.

மில்லருக்கு 2001இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம், கூப்பரோடு சேர்ந்து 2018இல் ஜப்பான் பரிசு, 2019இல் லாஸ்கர் விருது கிடைத்தன. லாஸ்கர் வந்தபோது வயது 88. நோபல் கிடைக்கவில்லை. டி செல் தன் இலக்கை எப்படி அடையாளம் காண்கிறது என்பதற்கு 1996இல், அதன் தடைகளை நீக்கிப் புற்றுநோயைத் தாக்கவிடலாம் என்பதற்கு 2018இல், அதை அடக்கும் செல்களுக்கு 2025இல் என்று நோபல் போயிருக்கிறது. டி செல் என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னதற்கு இல்லை. மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்ற விதியும், ஒரே காலத்தில் பல குழுக்கள் ஓடியதும் தேர்வுக் குழுவைத் தயங்க வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். அதைவிட, இந்தக் கண்டுபிடிப்பு சீக்கிரமே பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டது. 'இருதயம் ரத்தத்தை இறைக்கிறது' என்ற வரிக்கு அடியில் யாரும் ஆய்வாளர் பெயர் போடுவதில்லையே.

வளர்ந்தவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை என்று மில்லர் ஒருபோதும் சொல்லவில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 1962இலேயே வளர்ந்த எலியின் தைமஸை எடுத்து, பின் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். தைமஸ் உள்ள எலி எதிர்ப்புச் சக்தியை மெல்ல மீட்டுக்கொண்டது, இல்லாதது மீட்கவில்லை. இருப்பு தீர்ந்து புதிதாகப் படை திரட்ட வேண்டி வந்தால் பெரியவர்களுக்கும் அது வேண்டும் என்று இதற்குப் பொருள். இந்தப் பாதியை மருத்துவம் அவ்வளவாக மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இதய அறுவைச் சிகிச்சையில் தைமஸ் வழியை மறைக்கும், அதனால் எடுத்துவிடுவது வழக்கம்.

2023இல் பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், அதே போன்ற நெஞ்சு அறுவைச் சிகிச்சையில் தைமஸ் தப்பியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். புற்றுநோய் வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறவி இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளின் நெஞ்சைத் திறக்கும்போது, தைமஸ் முழு அளவில், இதயத்தின் மேல் படர்ந்து கிடக்கும் வயதில், அதில் எவ்வளவை மிச்சம் வைப்பது என்று அறுவை மருத்துவர்கள் இப்போது தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.